பீட்சா மாவும் மகாராணியும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வீட்டுலயே பீட்சா பண்றேன் பேர்வழின்னு கிளம்பினேன். ஈஸ்ட் பாக்கெட்டுக்குப் பின்னாடி போட்டிருந்த செய்முறைதான். அரைக்கிலோ மைதா, 7 கிராம் பாக்கெட் முழுசா, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணி. ஒரு மணி நேரத்துல மாவு ரெண்டு மடங்கா உப்பிடும்னு எழுதியிருந்தது. உப்பினது என்னவோ உண்மைதான். ஆனா வட்டமா விரிக்கப் போனா, இழுத்த இழுப்புக்கு ரப்பர் மாதிரி திரும்பி ஓடுது. ஒருவழியாச் சுட்டு எடுத்ததைத் தங்கமணி தட்டுல ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்துட்டு, "வறட்டியைச் செவுத்துல இல்ல தட்டுவாங்க, நீங்க ஏன் தட்டுல வைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல வழியில்லை. :-(

மாவுல ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. தூக்கிப்போட மனசு வராம டப்பாவில போட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டு மறந்தே போனேன். ரெண்டு நாள் கழிச்சு தயிர் தேடறப்போ கையில அகப்பட்டது. சரி, சுட்டுத்தான் பாப்போமேன்னு எடுத்தேன். விரலால அமுக்கினாலே தானா விரியுது. சுட்டா ஓரமெல்லாம் குமிழ் குமிழா எழும்பி, அங்கங்க கருகி, நல்ல ரொட்டிக்கடை வாசனை. அதே மைதா, அதே ஈஸ்ட், அதே ஓவன். நடுவுல ரெண்டு நாள் போனதுதான் வித்தியாசம்.

ரெண்டு நாள் வேணும்னா, பாக்கெட்டுல எதுக்கு ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான்? அந்த ஒரு மணி நேரக் கணக்கு எங்கேருந்து வந்தது? இதைத் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

பீட்சா சரித்திரம்னு தேடினா முதல்ல வந்து நிக்கறது ஒரு மகாராணி. கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். 1889 ஜூன் மாசம் இத்தாலி ராணி மார்கரிட்டா நேப்பிள்ஸுக்கு வந்தாங்களாம். ரஃபாயேல் எஸ்போசிட்டோன்னு ஒரு பீட்சாக்காரர் மூணு தினுசு பண்ணிக் கொண்டு போனாராம். தக்காளி, மொசரெல்லா, துளசி மாதிரி இருக்கற பேசில் இலைன்னு சிவப்பு, வெள்ளை, பச்சையா கொடி நிறத்துல இருந்தது ராணிக்குப் பிடிச்சுப்போய், அதுக்கு அவங்க பேரையே வச்சாங்களாம். அரண்மனை அதிகாரி கமில்லோ கல்லி எழுதின நன்றிக் கடிதம்கூட அந்தக் கடையில ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு.

இந்தக் கடிதத்தை 2014-ல ஜாக்கரி நோவாக்னு ஒரு உணவு வரலாற்று ஆய்வாளர் பிரிச்சு மேஞ்சுட்டார். அரச முத்திரை சரியா இல்லை, கல்லி எழுதின மத்த கடிதங்களோட கையெழுத்து ஒத்துப் போகலை, எஸ்போசிட்டோவோட பேருக்குப் பின்னாடி அவர் மனைவி வீட்டுப் பேரான 'பிராண்டி'யைச் சேர்த்து எழுதியிருக்கு. பின்னாடி வந்த பிராண்டி குடும்பத்து ஆளுங்க கடைக்குப் பேர் சேர்க்கத் தயார் பண்ணின கடிதமா இருக்கலாம்னு அவர் வாதம். போதாக்குறைக்கு, ராணி வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி, 1850-60கள்ல நேப்பிள்ஸ் மக்களோட பழக்கவழக்கங்களைப் பத்தி தெ பூர்கார் தொகுத்த புத்தகத்திலயே மொசரெல்லாவும் பேசில் இலையும் போட்ட பீட்சா இருக்கு.

கதை பொய்யா நிஜமாங்கறதுல எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கதை முழுக்க மேல போடற சாமானைப் பத்தியே இருக்குங்கறதுதான் உறுத்துது. நிறம், கொடி, ராணி. கீழ இருக்கற மாவைப் பத்தி ஒரு வரி கிடையாது. அந்த மாவை யார் பிசைஞ்சாங்க, யார் தின்னாங்க?

'பீட்சா'ங்கற சொல் ரொம்பப் பழசு. நேப்பிள்ஸுக்கு வடக்கே கயேத்தாங்கற ஊர்ல, 997-ஆம் வருஷத்து லத்தீன் குத்தகைப் பத்திரம் ஒண்ணு இருக்கு. குத்தகைக்காரர் கிறிஸ்துமஸுக்கு 12 பீட்சா, ஈஸ்டருக்கு 12 பீட்சா பிஷப்புக்குக் கொடுக்கணும்னு அதுல ஷரத்து. சொல்லுதான் இருக்கு, செய்முறை இல்லை. நமக்குத் தெரிஞ்ச பீட்சாவைப் பார்க்கணும்னா அதுக்கு எண்ணூறு வருஷம் தாண்டி, நேப்பிள்ஸ் சந்துகளுக்கு வரணும்.

அங்க 'பாஸ்ஸோ'ன்னு ஒரு வகை வீடு. வீடுன்னா என்ன, தெருமட்டத்துல ஒரே ஒரு அறை. கதவைத் திறந்தா தெரு. ஜன்னல் பெரும்பாலும் இருக்காது, கதவு வழியாத்தான் காத்து வெளிச்சமெல்லாம். ஒரு குடும்பம் மொத்தமும் அதுக்குள்ளயே படுத்து எழுந்திருக்கணும். அதுல ரொட்டி சுடற அடுப்புக்கு எங்க போறது? 'லாட்சரோனி'ன்னு கூப்பிட்ட அன்னாடங்காய்ச்சிகளுக்கு அந்த அறைகூட நிச்சயம் கிடையாது. சமைக்க இடமும் இல்லை, விறகுக்குக் காசும் இல்லாத இவங்களுக்காகத் தெருவுல வந்த சாப்பாடுதான் பீட்சா. சுட்ட பீட்சாவைத் தகரப் பெட்டியில அடுக்கித் தலையில வச்சுக்கிட்டு பையனுங்க தெருத்தெருவா கூவி வித்தாங்க. முழுசு வாங்க வக்கில்லைன்னா ஒரு துண்டு.

அதாவது, நான் ஞாயித்துக்கிழமை பெருமையா ஆரம்பிச்ச 'வீட்டு பீட்சா'ங்கறதே சரித்திரப்படி தலைகீழ் சமாச்சாரம். வீட்டுல அடுப்பு இல்லாதவன் சாப்பாடு அது!

'மூணு துப்பாக்கி வீரர்கள்' எழுதின அலெக்ஸாண்டர் டூமா, நேப்பிள்ஸ் பயணத்தைப் பத்தி 1843-ல ஒரு புத்தகம் போட்டார். லாட்சரோனிக்கு வெயில் காலத்துல தர்பூசணி, குளிர் காலத்துல பீட்சான்னு அதுல சொல்றார். எனக்கு முக்கியமாப் பட்டது போகிறபோக்குல அவர் சொல்ற இன்னொண்ணு: ரொட்டிக்குப் பிசையற அதே மாவுதான் பீட்சாவுக்கும். எண்ணெய், பன்றிக் கொழுப்பு, தக்காளி, சின்ன மீன் எல்லாம் மேலதான்.

வெளியூர்லேருந்து வந்து பார்த்த பெரிய மனுஷங்களுக்கு இது கண்ணுலயே ஆகலை. தந்தி கண்டுபிடிச்சாரே சாமுவேல் மோர்ஸ், அவர் 1831-ல பார்த்துட்டு குமட்டுதுன்னு எழுதி வச்சார். பினோக்கியோவை எழுதின கொல்லோடி பள்ளிக்கூடப் பசங்களுக்காக 1886-ல எழுதின பயணப் புத்தகத்துல, பீட்சாவோட தோற்றமே அழுக்கு, விக்கறவனோட அழுக்குக்குப் பொருத்தமா இருக்குங்கற தோரணையில பேசறார். ரெண்டு வருஷம் முன்னாடி, 1884-ல, நேப்பிள்ஸுல காலரா வந்து ஆயிரக்கணக்குல செத்துப்போயிருந்தாங்க. ஊரே அழுக்கு, சனமே அழுக்குன்னு நாடு முழுக்கப் பேச்சு. மதில்தே செராவோங்கற பத்திரிகைக்காரம்மா மட்டும் அந்தச் சந்துகளோட நிலைமையை உள்ளேயிருந்து எழுதினாங்க. ஒரு சோல்தோ, அதாவது அஞ்சு சென்டிசிமோ, கொடுத்து வாங்கற பீட்சாத் துண்டுதான் ஏழைகளோட காலைச் சாப்பாடுன்னு விலாவாரியா சொல்லியிருப்பாங்க. ரோம்ல ஒருத்தர் பீட்சாக் கடை போட்டு, முதல்ல கூட்டம் அம்மி, அப்புறம் ஈயடிச்சு மூடின கதையும் அதுல வருது. அன்னிக்கு நிலைமைக்கு பீட்சா ரோமைக்கூடத் தாண்ட முடியலை. இந்த அவமானத்துக்கு மேல ஒரு ராணியைக் கொண்டு வந்து உட்கார வைக்க ஏன் தோணுச்சுன்னு இப்பப் புரியுது.

சரி, மாவுக்கு வருவோம்.

தெற்கு இத்தாலியில மாவு புளிக்க வைக்கப் பழைய வழி, நேத்து மாவுல ஒரு பிடி எடுத்து வச்சுக்கறது. நேப்பிள்ஸ் பேச்சுல அதுக்கு 'கிரிஷிட்டோ'ன்னு பேர், வளர்ற சமாச்சாரம்னு வச்சுக்கோங்க. நாம பழைய தோசைமாவுல கொஞ்சம் புதுசுல கலக்கறோமே, கிட்டத்தட்ட அதுதான். தீர்ந்து போனா பக்கத்து வீட்டுல வாங்கிக்கலாம். இன்னும் கிழக்கே மத்தேரா மாதிரி ஊர்கள்ல, பொம்பளைங்க வீட்டுல மாவு பிசைஞ்சு பொது அடுப்புக்குச் சுமந்துட்டுப் போவாங்க. ரொட்டி மாறிப் போகாம இருக்க, குடும்பத்தோட முதலெழுத்து செதுக்கின மர முத்திரையை மாவுல குத்திடுவாங்க. அந்த முத்திரைகளை இப்ப சுற்றுலாப் பயணிங்களுக்கு நினைவுப் பொருளா விக்கறாங்க, அது வேற கதை.

இந்தப் பழைய மாவு மெதுவாத்தான் வேலை செய்யும். ராத்திரி பிசைஞ்சா காலையில ஆகும். அவசரப்பட்டவங்க கையில எடுத்தது பியர் காய்ச்சற இடத்து நுரை. நம்ம பக்கம் ஆப்பமாவுக்குக் கள்ளு ஊத்தின தர்க்கம்தான் அங்கயும். நுரை போட்டா சீக்கிரம் உப்பும், புளிப்பு குறையும், மெத்துனு வரும். இதை வச்சு பாரிஸ்ல ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கு. பியர் ஈஸ்ட் போட்ட ரொட்டி உடம்புக்குக் கெடுதல்னு 1668-ல மருத்துவப் பேராசிரியர்கள் தீர்ப்பு சொன்னாங்க. 1670-ல பாரிஸ் நீதிமன்றம், ஈஸ்ட் புதுசா இருந்தா போட்டுக்கலாம்னு அனுமதிச்சுடுச்சு. மெத்து ரொட்டிக்கு முன்னாடி மருத்துவர் பேச்சு எடுபடலை.

இன்னிக்கும் இத்தாலியில கடை ஈஸ்டுக்குப் பேர் 'பியர் ஈஸ்ட்'தான். பியருக்கும் அதுக்கும் சம்பந்தம் விட்டுப்போய் ரொம்ப நாளாச்சு. இப்ப சர்க்கரை ஆலை மொலாசஸ்ல வளர்க்கறாங்க. 19-ஆம் நூற்றாண்டு நடுவுல வியன்னாவுல ஈஸ்டைத் தனியா வளர்த்து, வடிகட்டி, அமுக்கிக் கட்டியாக்கற வழி வந்தது. அங்கேருந்து அமெரிக்கா போன ஃப்ளைஷ்மன் சகோதரர்கள் 1868-ல சின்சினாட்டியில அந்தத் தொழிலை ஆரம்பிச்சு, 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில வியன்னா ரொட்டி சுட்டுக் காட்டி ஊரையே மயக்கிட்டாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ராணுவத்துக்கு ஃப்ரிட்ஜ் இல்லாம தாங்கற ஈஸ்ட் வேணும்னு, குருணை மாதிரி உலர்ந்த ஈஸ்ட் வந்தது. 1973-ல பிரான்சோட லெசாஃப்ர் கம்பெனி, தண்ணியில ஊறவைக்கக்கூட வேண்டாம், நேரா மாவுல கொட்டலாம்ங்கற இன்ஸ்டன்ட் ஈஸ்டைக் கொண்டு வந்தது. நம்ம ஊர்ப் பாக்கெட்டும் அந்த வம்சம்தான்.

ஆக, அந்த ஒரு மணி நேரம் பீட்சாவோட மரபு இல்லை. ராத்திரி பூரா ஆகிற வேலையைப் படிப்படியா அமுக்கி அமுக்கிப் பாக்கெட்டுக்குள்ள அடைச்சது. அவசரத்துக்கு உதவுதே, அதைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அப்படி அமுக்கறதுல எது போச்சுன்னு பாருங்க. மாவுல தண்ணி பட்டதும் ரெண்டு வேலை ஆரம்பிக்குது. கோதுமையில இருக்கற புரதங்கள் சேர்ந்து குளூட்டன் வலையா பின்னிக்கும். பிசைஞ்சாலும் பின்னும், சும்மா விட்டாலும் பின்னும், நேரம் போகப் போக இளகியும் கொடுக்கும். இன்னொரு பக்கம் மாவுல இருக்கற நொதிகள் ஸ்டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா உடைக்கும். அந்தச் சர்க்கரைதான் ஈஸ்டுக்குச் சாப்பாடு, மிச்சம் இருக்கறது சுடறப்போ ஓரத்துல நிறமும் வாசனையும் கொடுக்கும். ஈஸ்டை அள்ளிக் கொட்டினா மாவு காத்தடிச்ச பலூன் மாதிரி உப்பிடும், ஆனா இந்த ரெண்டு வேலையும் அரைகுறையா நின்னுடும். அந்த அவசரத்துல பிறந்ததுதான் என் வறட்டி. அதுல ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னதும், ரெண்டாவது வேலைக்கு நேரம் கொடுக்காததைச் சரிக்கட்டத்தான்.

ஐரோப்பிய யூனியன் 2010-ல நேப்பிள்ஸ் பீட்சாவைப் பாரம்பரிய உணவாப் பதிவு பண்ணி வெளியிட்ட விதிமுறை இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி, 50-லேருந்து 55 கிராம் உப்பு, 1.7-லேருந்து 1.8 கிலோ மாவு, ஈஸ்ட் வெறும் 3 கிராம். அதுவும் ஈரக் கட்டி ஈஸ்ட். எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது, பூரிக்கட்டை கூடவே கூடாது. உலர்ந்த ஈஸ்ட் ஈர ஈஸ்டை விட ஏறக்குறைய மூணு மடங்கு வீரியம். பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். அரைக்கிலோ மாவுக்கு அவங்க போடறது உலர்ந்த ஈஸ்டுல மூணுல ஒரு பங்கு கிராம்கூட வராது. நான் போட்டது 7 கிராம். இருபது மடங்குக்கு மேல! கணக்கைத் தங்கமணிகிட்ட காட்டலை.

வீட்டு பீட்சா தலைகீழ் சமாச்சாரம்னு மேல சொன்னேனே, அதை நானே கொஞ்சம் திருத்திக்கணும். நேப்பிள்ஸ் வீட்டுலயும் பீட்சா மாவு பிசைஞ்ச காலம் ஒண்ணு உண்டு. அதுக்கு வழி பண்ணினது போர்.

1943-ல இத்தாலியிலயே அதிகமா குண்டு விழுந்த ஊர் நேப்பிள்ஸ். செப்டம்பர் கடைசியில நாலு நாள் ஊர் ஜனங்களே ஜெர்மன் ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போட்டாங்க. அக்டோபர் 1-ஆம் தேதி நேசப்படை உள்ள வந்தது. அப்புறம் வந்தது பஞ்சம். சீஸ் யானை விலை, விறகடுப்பு எரிக்க வழியில்லை. மாவும் எண்ணெய்ச் சட்டியும் இருந்தா போதும்னு, பாஸ்ஸோ வாசல்ல பொம்பளைங்க அடுப்பைப் போட்டுப் பீட்சாவைப் பொரிக்க ஆரம்பிச்சாங்க. பொரிச்ச பீட்சா அதுக்கு முன்னாலயும் உண்டு, ஆனா அது ஊரைக் காப்பாத்தினது அப்பத்தான். எண்ணெயில போட்டதும் மாவு பூரி மாதிரி புஸ்ஸுனு உப்பும், உள்ள ஒண்ணுமே இல்லைன்னாலும் பார்க்கப் பெருசா இருக்கும். பசிக்கு அந்தக் கண்கட்டு வித்தையும் தேவைப்பட்டிருக்கு. புருஷன் கூவி விப்பார், பெண்டாட்டி மாவு பிசைஞ்சு பொரிப்பாங்க. காசில்லாதவங்களுக்கு 'எட்டு நாள்' கடன்: இன்னிக்குச் சாப்பிடு, அடுத்த வாரம் கொடு. வாங்கறவங்க கையிலயும் காசில்லை, விக்கறவங்க கையிலயும் இல்லை. அடுத்த வாரம்னு ஒண்ணு வரும்ங்கற நம்பிக்கையில மாவைக் கொடுத்திருக்காங்க.

இதைப் பார்க்கணும்னா 1954-ல வந்த விட்டோரியோ தி சிக்காவோட 'லோரோ தி நாப்போலி' படம் பாருங்க. ஒரு பகுதியில சோஃபியா லாரன் பொரிச்ச பீட்சா விக்கற பெண். மோதிரத்தைக் கள்ளக்காதலன் வீட்டுல விட்டுட்டு வந்துடறாங்க. மாவு பிசையறப்போ உள்ள விழுந்திருக்கும்னு புருஷன் நம்பி, அன்னிக்குப் பீட்சா வாங்கின ஒவ்வொருத்தர் வீடா ஏறி இறங்குவார். சிரிச்சு வயிறு வலிக்கும். கூடவே அந்தச் சந்து, அந்தக் கடன், மாவுல புதைஞ்ச கைன்னு எல்லாத்தையும் கண்ணால பார்த்துடலாம்.

2017 டிசம்பர்ல தென்கொரியாவுல கூடின யுனெஸ்கோ கூட்டம், நேப்பிள்ஸ் பீட்சாக்காரரோட கலையை உலகப் பண்பாட்டுப் பட்டியல்ல சேர்த்தது. பட்டியல்ல இருக்கறது கைவேலை. மாவை விரிக்கறது, சுழட்டறது, அடுப்புல சுடறது. கொல்லோடி மூக்கைப் பொத்தின அதே ஆளோட அதே கை.

நம்ம வீட்டு ஓவனுக்கு வருவோம். அவங்க விறகடுப்பு 485 டிகிரி, 60-லேருந்து 90 விநாடியில வேலை முடிஞ்சுடும். நம்ம ஓவன் முக்கி முக்கி 250 போகும். எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள அவங்க மாவு காஞ்சு பிஸ்கட்டாயிடும். அதனால வீட்டுக்குத் தண்ணி கூடுதலா வேணும். இதுக்கு நல்ல விடை நியூயார்க் ரொட்டிக்காரர் ஜிம் லேஹிகிட்ட இருந்தது. 2006 நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல மார்க் பிட்மன் இவரோட 'பிசையாத ரொட்டி'யைப் பத்தி எழுத, உலகம் பூரா வீட்டுக்கு வீடு சட்டியில ரொட்டி சுட்டாங்க. 2012-ல லேஹி அதே வழியில பீட்சாவுக்கும் புத்தகம் போட்டார். 500 கிராம் மாவு, 350 கிராம் தண்ணி, 16 கிராம் உப்பு, ஈஸ்ட் கால் ஸ்பூன். ஒரு கரண்டியால கலந்து மூடி வச்சு 18 மணி நேரம் மறந்துடணும். அவ்வளவுதான். புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, பாக்கெட் பிடுங்கின ராத்திரியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

நம்ம ஊர் வெயில்ல 18 மணி நேரம் வெளிய வச்சா புளிச்சுப் பொங்கி மேடையெல்லாம் வழியும், அனுபவம் பேசுது. நான் ஒரு மணி நேரம் வெளிய வச்சுட்டு, மிச்சத்துக்கு ஃப்ரிட்ஜ்ல தள்ளிடறேன். ரெண்டு நாள் தாராளமாத் தாங்கும். சுடறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி எடுத்து உருண்டை பிடிச்சு வைக்கணும். நம்ம மைதா எல்லாம் ஒரே வலு இல்லைங்கறதால, தண்ணியை 320-லேருந்து ஆரம்பிச்சு ஏத்திக்கோங்க. '00'னு போட்ட இத்தாலி மாவுதான் வேணும்னு யாராவது சொன்னா பயப்பட வேண்டாம். அந்த எண் மாவு எவ்வளவு வெள்ளையா சலிச்சதுங்கற கணக்கு, வலுவைச் சொல்றதில்லை. இத்தாலிக்காரங்களே வலுவான மாவுக்கு 'மனிடோபா'ன்னு ஒரு கனடா மாகாணத்தோட பேரைத்தான் சொல்றாங்க.

ஓவன் இல்லாதவங்க கவலைப்படாதீங்க, எண்ணெய்ச் சட்டி இருக்கு. உள்ள கொஞ்சம் பனீரும் மிளகும் வச்சு, மடிச்சு, ஓரத்தை நல்லா அமுக்கிப் பொரிச்சா போதும். நேத்து பண்ணினேன். தங்கமணி ரெண்டு சாப்பிட்டாங்க, தட்டுல தட்டிப் பார்க்கலை. :-)

நாளைக்குன்னு பிசைஞ்சு வச்சது டப்பா மூடியைத் தள்ளிட்டு வெளிய எட்டிப் பார்க்குது. போய் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு வரேன்.